இன்னொருக்கா

அவரை அவுட்டாக்க ஒரு வழி இருக்கிறது என்று எனக்கு முதன்முதலில் தோன்றியது ட்வெய்ட்டா கடைத்தொகுதியின் நகரும் படிக்கட்டில். கிரிக்கெட் பற்றி யோசிக்கிற இடமே இல்லை அது. பயிற்சிக்கு ஒட்டுநாடா வாங்குவதற்காக நானும் என் சிநேகிதி ஆரணியும் அவரோடு போயிருந்தோம். டென்னிஸ் பந்தின் ஒரு பாதியில் ஒட்டுநாடா சுற்றினால் அது காற்றில் வளையும். எங்கள் பயிற்சி முழுவதும் அந்தப் பந்தில்தான் நடந்தது.

படிக்கட்டு தன்பாட்டில் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஒஸ்லோவில் எல்லாரும் செய்வது போல நாங்கள் வலப்பக்கம் ஒதுங்கி நின்றோம். அவர் நிற்கவில்லை. அந்தப் படிக்கட்டோடும் ஒரு போட்டி வைத்துக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினார். கடைசிப் படியில் அவருடைய கால் முந்திவிட்டது. கால் போய்விட்டது, தரை இன்னும் வரவில்லை. அவுஸ்திரேலியாவுக்கு விளையாடிய ஒரு மனிசி காற்றில் மிதித்துத் தடுமாறியதை என் கண்ணால் கண்டேன்.

ஆரணியின் கையைக் கிள்ளினேன்.

"மெதுவாப் போடோணும்."

"என்னத்தையடி?"

"பந்தை. அவாக்குப் பொறுக்கத் தெரியாது."

அடுத்த பயிற்சியிலேயே மெதுவாகப் போட்டேன். பந்து உடற்பயிற்சி மண்டபத்தின் மறுபக்கச் சுவரில் மோதி, கூரையில் மோதி, திரும்ப என் காலடிக்கே வந்து சேர்ந்தது. மெதுவாக வீசுவது சுலபம், மெதுவாக வீசப்போகிறேன் என்று கை காட்டிக்கொடுக்காமல் வீசுவதுதான் பாடு என்று அன்றைக்குத் தெரிந்தது. யோசனையைக் கைவிடவில்லை. ஒத்திவைத்தேன்.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் இணையத்தில் தேடுவீர்கள். தேடினால் எண்கள் வரும். எத்தனை ஆட்டம், எத்தனை ஓட்டம், சராசரி என்ன என்று ஒரு சின்னப் பெட்டிக்குள் எல்லாம் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, "ஓ, இவ்வளவுதானா," என்பீர்கள். அந்தப் பெட்டிக்குள் அவர் இல்லை. நாங்கள் அவரை அன்ரி என்றுதான் கூப்பிட்டோம். ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் தான் எப்படி அன்ரி ஆனேன் என்று முதலில் குழம்பினார். பிறகு அதையும் ஒரு பட்டம் போல எடுத்துக்கொண்டார். எங்கள் அம்மாமாருக்கு அவர் "அவுஸ்திரேலியாக்காரி".

உயரமானவர். இடக்கைச் சின்னவிரல் பக்கவாட்டில் வளைந்திருக்கும். ஒரு பிடி எடுக்கப்போய் உடைந்த விரல். பிடி கிடைத்ததா என்று கேட்டால்தான் சந்தோஷப்படுவார், வலித்ததா என்று கேட்டால் பதில் வராது. மூக்கில் எப்போதும் வெயிலுக்குப் பூசும் வெள்ளைக் களிம்பு. நவம்பர் மாதம், பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும் ஒஸ்லோவில், ஜன்னல் இல்லாத மண்டபத்துக்குள்ளும் அந்தக் களிம்போடுதான் நிற்பார். அது இல்லாவிட்டால் ஆட்டம் தொடங்கியதாகவே தனக்குத் தோன்றாது என்றார்.

எங்களைக் கண்டுபிடித்தது எக்கெபர்க் மைதானத்தில். எங்கள் அண்ணன்மாரும் மாமாமாரும் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பெண்பிள்ளைகளான எங்களுக்கு வழக்கமான வேலை. மடக்கு மேசைக்குப் பின்னால் நின்று ரோல்ஸும் வடையும் தேநீரும் விற்றோம். நோர்வேக்காரக் கணவரோடு உலாவ வந்த ஒரு பெண் மேசையருகே நின்று, ஆட்டத்தை முகத்தைச் சுளித்துப் பார்த்துவிட்டு, ரோல்ஸ் ஒன்று கேட்டார். நான் தட்டோடு திரும்பியபோது, ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் என் முகத்தைப் பார்த்து ஒரு டென்னிஸ் பந்தை எறிந்தார். ஒரு கையில் தட்டு. மறுகையால் பிடித்துவிட்டேன். எப்படி என்று இன்றைக்கும் தெரியாது. அவர் பாராட்டவில்லை. பந்தை வாங்கி, இரண்டடி பின்னால் போய், மறுபடியும் எறிந்தார். அவ்வளவுதான், அணி தொடங்கிவிட்டது.

அவர் எங்களுக்குச் சொல்லித்தந்தார் என்று எழுதினால் பொய்யாகிவிடும். எங்களோடு போட்டிபோட்டார், அதுதான் நடந்தது. ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும் மட்டையை எடுத்துக்கொண்டு நிற்பார். என்னை அவுட்டாக்குங்கள், வீட்டுக்குப் போகலாம் என்பார். நாங்கள் பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகள், மண்டபச் சாவியை ஒப்படைக்கிற நேரம் வரை மூச்சு வாங்கப் பந்து வீசுவோம். அவர் எல்லாவற்றையும் அடிப்பார். பாவம் பார்த்து ஒரு பந்தையாவது விடுவார் என்று கடைசிவரை எதிர்பார்த்தது ஆரணி மட்டும்தான்.

விட்டுக்கொடுக்க அவருக்குத் தெரியாது. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதெல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

அவர் வேலை செய்தது ஒரு பாலர் பாடசாலையில். படலை வரைக்கும் ஓட்டப்போட்டி வைத்தால் நாலு வயதுப் பிள்ளைகளை முந்திக்கொண்டு ஓடி வெல்வார். பொறுப்பாளர் கூப்பிட்டுக் கதைத்தாராம். நோர்வேயில் பொறுப்பாளர்கள் திட்ட மாட்டார்கள், கோப்பி கொடுத்துக் கதைப்பார்கள். தான் ஓடியதில் என்ன பிழை என்று அன்ரி உண்மையாகவே விளங்காமல் கேட்டிருக்கிறார். எங்கள் பள்ளிக்கூட விளையாட்டு நாளுக்கு ஒருமுறை வந்தார். முடிவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரிப் பதக்கம். யார் வென்றது என்று என்னிடம் கேட்டார். எல்லாரும் என்றேன். அப்படியானால் யார் தோற்றது என்றார். ஒருவரும் இல்லை என்றேன். புல்லில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் சப்பாத்து நாடாவை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தது எனக்குப் பயிற்சிக்கு அனுமதி கேட்க. அம்மருட்டில் ஒன்பதாம் மாடி. அப்பா "அம்மாவைக் கேளுங்கோ" என்று சொல்லித் தப்பிவிட்டு, விருந்தாளியைச் சும்மா இருத்தக்கூடாது என்று கரம் பலகையை எடுத்து வைத்தார். அன்ரி அதுவரை கரம் பார்த்ததே இல்லை. அப்பா தொடர்ந்து வென்றார். விருந்தாளியை இப்படித் தோற்கடிப்பது சரியில்லை என்று அவருக்கே ஒருமாதிரியாக இருந்திருக்க வேண்டும். ஒரு ஆட்டத்தில் சிவப்புக் காயைக் குழிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே பக்கவாட்டில் அடித்தார். அழகாகத்தான் நடித்தார், நான்கூட நம்பிவிட்டேன். அன்ரி நம்பவில்லை. காயைக் கையால் எடுத்து, முன்பு இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் காது சிவந்துவிட்டது.

"சரி," என்றார் அப்பா தமிழில், யாருக்கென்று இல்லாமல். "இன்னொருக்கா விளையாடுவம்."

அந்தச் சொல் அன்ரிக்குப் பிடித்துப்போயிற்று. என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டார். அதன்பிறகு வெள்ளிக்கிழமை தோறும் வந்தார். கதவைத் திறந்தால் வணக்கம் இல்லை, ஹாய் இல்லை. "இன்னொருக்கா," என்பார். கோடை போய் பனி வந்து, பனியும் உருகத் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவை வென்றார். நேராக, சுத்தமாக. அப்பாவின் கையைக் குலுக்கிவிட்டு, பலகையின் மாவைத் துடைத்து வைத்துவிட்டுப் போனார். அப்பாவுக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

இதையெல்லாம் அம்மா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஒன்றும் சொல்லாமல் பார்த்தால் எங்கேயோ எழுதி வைத்துக்கொள்கிறார் என்று அர்த்தம்.

அன்ரி தன் சொந்த ஆட்டங்களைப் பற்றி அதிகம் கதைப்பதில்லை. அவர் காலத்தில் பெண்கள் கிரிக்கெட்டை அரைப்பாவாடை போன்ற ஒன்றை உடுத்துக்கொண்டு விளையாடினார்கள். விழுந்து பந்தைத் தடுத்தால் முழங்கால் உரியும். இரண்டு முழங்கால்களிலும் அதற்கான தழும்புகள். விளையாட்டுக்காக லீவு எடுத்து லீவு எடுத்து ஒரு வேலை போனது. தொடக்க ஆட்டக்காரியாகப் போய், நாள் முழுவதும் நின்று, எதிரணியின் உயிரை வாங்குவதுதான் அவருடைய சிறப்பு. ஒரேயொரு கதையை மட்டும், மைதானத்துப் பயிற்சி மழையால் நின்ற ஒரு பின்னேரம், மண்டபத்து ஏறுபடிகளில் இருந்து சொன்னார்.

அவருடைய கடைசி ஆட்டம். ஓய்வு பெறப்போகிறார் என்று எதிரணிக்கும் தெரியும். அவர்களுடைய தலைவி நல்லவள், பல வருடப் பழக்கம். நாலு ஓட்டத்தோடு கைதட்டல் வாங்கிக்கொண்டு போகட்டும் என்று, பந்து வீசுகிறவளின் காதில் ஏதோ சொன்னாள். ஒரு பந்து வந்தது. பாலர் பாடசாலைப் பிள்ளைகூட எல்லைக்கோட்டுக்கு அடிக்கக்கூடிய பந்து. அன்ரி அதைத் தன் காலடியிலேயே செத்த எலி போலத் தட்டிப்போட்டார். அடுத்ததும் அப்படியே வந்தது, அதையும் தட்டிப்போட்டார். ஓவர் முழுவதும் அப்படியே. பார்க்க வந்தவர்களுக்கு விளங்கவில்லை. கைதட்டக் காத்திருந்த கைகள் அந்தரத்தில் நின்றன. அடுத்த ஓவரில் வேறொருத்தி ஒழுங்காகப் பந்து வீசி அவரை அவுட்டாக்கினாள். அவளிடம் போய் நன்றி சொல்லிவிட்டு மைதானத்தை விட்டு வெளியே வந்தாராம்.

"நாலு ஓட்டம் வீணாப் போச்சே அன்ரி," என்றாள் ஆரணி.

"அது அவளின்ர நாலு," என்றார் அன்ரி. "என்ர இல்லை."

அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் காது இப்படித்தான் வைத்திருக்கிறது.

இனி பேர்கன் கதைக்கு வருகிறேன். எங்கள் அணிக்கு வயது ஒன்றரை. இதுவரை எங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து விளையாடியதுதான், வேறு அணியைக் கண்ணால் கண்டதில்லை. மேற்குக் கரை நகரமான பேர்கனில் இருந்த பெண்பிள்ளைகள் சிலர் எங்களைப் போலவே ஒரு அணி சேர்த்திருந்தார்கள். ஜூனில் ஒரு சனி, ஞாயிறு வாருங்கள், விளையாடுவோம் என்று அழைப்பு வந்தது. எனக்கு அந்த இரண்டு நாளைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லாமல் போயிற்று. கணக்குப் பரீட்சையில் வட்டம் வரையச் சொன்னால் மைதானம் வரைந்தேன்.

சிக்கல் இரவில் இருந்தது. இந்த நாட்டில் பிள்ளைகள் வெளியூருக்கு விளையாடப் போனால் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் காற்றடித்த மெத்தை போட்டுப் படுப்பார்கள். நோர்வேப் பெற்றோருக்கு அது ஒன்றுமே இல்லை. எங்கள் அம்மாமாருக்கு அது எல்லாமே. குமர்ப்பிள்ளைகள், வேற்றூர், இரவு, பூட்டில்லாத வகுப்பறை. ஒவ்வொரு அம்மாவும் தனியே கேட்டால், "எனக்கெண்டால் பிரச்சினையில்லை, மற்ற ஆக்கள் என்ன சொல்லுகினமோ," என்றார்கள். எல்லாரையும் ஒன்றாகக் கேட்டால் ஒன்றாக மாட்டோம் என்றார்கள்.

அன்ரி அவர்களை எங்கள் வீட்டில் கூட்டினார். நான் மொழிபெயர்ப்பாளர். ஆரணியின் அம்மா விமலா அன்ரிதான் பேச்சாளர்.

"கிரிக்கெட் பொம்பிளைப் பிள்ளையளின்ர விளையாட்டே? நாங்கள் படிக்கேக்கை விளையாடேல்லையே? நெற்போல் விளையாடினனாங்கள். பின்னேரம் ஆறு மணிக்கு வீட்டை நிண்டனாங்கள்."

நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அன்ரி கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். ஒரு சொல் அவருக்கு விளங்கியிருந்தது. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நெற்போல், அதாவது வலைப்பந்து என்ற பேரையே ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை. நோர்வேக்காரருக்குக் கைப்பந்து தெரியும், கூடைப்பந்து தெரியும். பந்தைத் தரையில் தட்டாமல், பிடித்த இடத்திலேயே நின்று எறிந்து, பலகை இல்லாத வளையத்துக்குள் போடுகிற விளையாட்டு தெரியாது. அவுஸ்திரேலியாவில் பெண்பிள்ளையாகப் பிறந்தால் வலைப்பந்து கட்டாயம் போல. யாழ்ப்பாணத்திலும் அப்படியே. எங்கள் வரவேற்பறையில் இருந்த பெண்களெல்லாம், ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போல, ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

அன்ரி என் அம்மாவிடம் திரும்பி, நோர்வேஜிய மொழியில், எந்த இடத்தில் விளையாடினீர்கள் என்று கேட்டார்.

அம்மா முதுகை நிமிர்த்தியதைப் பார்த்தேன். முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கித் தூக்கி வளைந்த முதுகு. "கோல் டிபென்ஸ்," என்றார். "பள்ளிக்கூட ரீம்."

அதற்குப் பிறகு என் மொழிபெயர்ப்பு யாருக்கும் தேவைப்படவில்லை. ஐந்து நிமிடத்தில் பந்தயம் முடிவாயிற்று. அம்மாமார் ஒரு பக்கம், நாங்களும் அன்ரியும் மறுபக்கம். நாங்கள் வென்றால் பேர்கன். அம்மாமார் வென்றால்?

"நாங்கள் வெண்டால் நாங்கள் சொல்லுறதுதான்," என்றார் அம்மா. விமலா அன்ரி கையடித்துக் கொடுத்தார்.

அம்மருட் பள்ளிக்கூட மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூடைப்பந்து வளையத்தைப் பார்த்ததும் அம்மாமார் முரண்டு பிடித்தார்கள். பின்னால் பலகை இருந்தால் அது நெற்போல் இல்லை. அன்ரியும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். பள்ளிக்கூடக் கட்டடங்களைப் பராமரிக்கிற வக்த்மெஸ்தர் நல்ல மனுசன். நல்ல பலகையை ஏன் இவர்கள் வெறுக்கிறார்கள் என்று விளங்காமலே, கரப்பந்துக் கம்பங்கள் இரண்டின் உச்சியில் பழைய பீப்பா வளையங்களைப் பூட்டித் தந்தார். நடுவரும் அவர்தான். பந்தோடு நடந்தால் விசில், மூன்று செக்கனுக்கு மேல் வைத்திருந்தால் விசில் என்று சொல்லிக்கொடுத்தோம். மனுசன் இரண்டையும் அளவுக்கு மீறி ரசித்தார்.

நான் கோல் அட்டாக். வளையத்துக்குப் பந்து போடுகிறவர்களில் ஒருத்தி. என்னை மறிக்க வேண்டியது கோல் டிபென்ஸ். அதாவது என் அம்மா. பஞ்சாபி உடுப்பு, தம்பியின் சப்பாத்து, சால்வையை இடுப்பில் முடிந்திருந்தார்.

முதற்பாதி எங்களுக்கு இனிப்பாகப் போயிற்று. போட்ட பந்தெல்லாம் விழுந்தது. எனக்கு நேரே நின்ற அம்மாவின் கை உயர்ந்தது, ஆனால் ஒரு கணம் பிந்தி உயர்ந்தது. மேசையிலிருந்து நழுவுகிற கோப்பையைத் தரைக்குப் போகுமுன் பிடிக்கிற கை அது, எனக்குத் தெரியாதா? மற்ற அம்மாமாரைப் பார்த்தேன். விமலா அன்ரி தன் பக்கத்தால் போன பந்துக்கு, "அய்யோ, தவறிப்போச்சு," என்றார். பந்து போய் வெகுநேரத்துக்குப் பிறகு.

விளங்கியது. அம்மாமார் வாயால் ஓம் சொல்ல முடியாது. ஒருத்தி ஓம் சொன்னால் மற்றவள் என்ன நினைப்பாள், அவளுடைய மச்சாள் என்ன சொல்லுவாள். பந்தயத்தில் தோற்றுவிட்டால் யாரும் ஓம் சொல்லத் தேவையில்லை. எங்களுக்குப் பேர்கனைத் தட்டில் வைத்துத் தந்துகொண்டிருந்தார்கள். அம்மாவை அந்த இடத்திலேயே கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

அன்ரிக்கும் விளங்கியது. அவர் விளங்கிக்கொள்ளக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்த ஒன்று அதுதான். இடைவேளையில் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அவர்கள் விட்டுத்தருகிறார்கள்."

"தெரியும்," என்றேன். "தயவுசெய்து பேசாமல் இருங்கோ." அவசர அவசரமாக எல்லாவற்றையும் சொன்னேன். இது எங்களுடைய ஆக்கள் ஓம் சொல்லுகிற விதம், இதில் அவமானம் ஒன்றும் இல்லை, இது அன்பு, நீங்கள் கண்டும் காணாமல் விட்டால் போதும். எனக்கு அழுகை வந்தது. அன்ரி முழுவதையும் கேட்டார். ஒருகணம் அவருடைய முகம் இளகியதைக் கண்டேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

பிறகு நேராக அம்மாவிடம் போனார். அவருடைய நோர்வேஜியமும் நொண்டி, அம்மாவினதும் நொண்டி. இருவருக்கும் நடுவில் ஒரு பிசகும் இல்லாமல் விளங்கியது.

"நீங்கள் கோல் டிபென்ஸ் என்று சொன்னீர்கள்," என்றார் அன்ரி. "நான் இன்னும் காணவில்லை."

இங்கே அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த நாட்டில் எல்லாரும் அம்மாவிடம் மெதுவாகத்தான் கதைப்பார்கள். அம்மா இரண்டு வசனம் ஒழுங்காகச் சொன்னால், "ஃபிளிங்க்!" என்பார்கள். கெட்டிக்காரி என்று அர்த்தம். பாலர் பாடசாலைப் பிள்ளை சப்பாத்தைத் தானே மாட்டினாலும் அதே சொல்தான். வேலையிடத்தில் ஃபிளிங்க், வைத்தியரிடம் ஃபிளிங்க், பேருந்தில் சரியான பொத்தானை அழுத்தினால் ஃபிளிங்க். அம்மா சிரித்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டியபின் அந்தச் சிரிப்பைக் கழற்றி வைப்பார்.

அன்ரி எங்களிடமோ அம்மாவிடமோ அந்தச் சொல்லை ஒருநாளும் சொன்னதில்லை.

அம்மா சால்வை முடிச்சை அவிழ்த்து, இன்னும் இறுக்கிக் கட்டினார்.

"விமலா," என்றார். "காணும் நடிச்சது."

இரண்டாம் பாதியை நான் விவரிக்க விரும்பவில்லை. மறிக்கிறவர் மூன்றடி தள்ளித்தான் நிற்கவேண்டும் என்பது விதி. அம்மா மூன்றடி தள்ளி, ஒற்றைக்காலில், கொக்குப் போல என் மேல் சரிந்து நின்றார். வளையம் இருந்த இடத்தில் எனக்கு அம்மாவின் உள்ளங்கை மட்டும்தான் தெரிந்தது. விமலா அன்ரி ஆரணியின் தலைக்கு மேலாகப் பந்தை எறிந்துவிட்டு, "வீட்டை வா, கால் பிடிச்சு விடுறன்," என்றார். அன்ரி நடுவில் நின்று பேய் மாதிரி விளையாடினார். எதிரணியை எழுப்பிவிட்டவரும் அவரே, அதைத் தடுக்க ஓடியவரும் அவரே. முடிவில் அம்மாமார் ஒரு கோல் முன்னால். கடைசிப் பந்து என் கையில். எறிந்தேன். அம்மாவின் விரல்நுனி பட்டதா, படவில்லையா என்று இன்றைக்கும் எங்கள் வீட்டில் வாக்குவாதம். பந்து பீப்பா வளையத்தில் ஒருமுறை சுற்றி, வெளியே விழுந்தது. வக்த்மெஸ்தர் விசிலை ஊதினார், நிறுத்த மனமில்லாமல் ஊதிக்கொண்டேயிருந்தார்.

அம்மாமார் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். நாங்கள் தரையில் இருந்தோம். ஆரணி முகத்தை முழங்காலுக்குள் புதைத்திருந்தாள். நான் அன்ரியை வெறுத்தேன், முழுமனதாக. அவர் ஒவ்வொரு அம்மாவிடமும் போய்க் கைகுலுக்கினார். பிறகு சுவரோரம் போய், பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார். பேர்கனுக்கு அடித்து, நாங்கள் வரவில்லை என்று சொல்லப்போகிறார். தோற்றால் தோற்றதுதான், அதற்குமேல் கதை இல்லை.

அம்மா போத்தலிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"பொறுக்கச் சொல்லு அவாவை," என்றார் என்னிடம். "நாங்கள் வெண்டால் என்ன கதை?"

"நீங்கள் சொல்லுறதுதான்," என்றேன், தரையைப் பார்த்து.

"ஓம். நான் இன்னும் சொல்லேல்லை." தேநீரை ஒரு வாய் குடித்தார். "பிள்ளையள் பேர்கனுக்குப் போகட்டும். நாங்களும் வாறம்."

விமலா அன்ரியின் கோப்பை பாதிவழியில் நின்றது. "என்ன மச்சாள், பிறகு என்னத்துக்கு இவ்வளவு பாடுபட்டனாங்கள்?"

"தோத்துப்போட்டு விட்டால் சனம் என்ன சொல்லும்? அவுஸ்திரேலியாக்காரி இவையளை மடக்கிப்போட்டாள் எண்டு சொல்லும். வெண்டுபோட்டு விடுறம். இனி ஆர் என்ன சொல்லுறது?"

விமலா அன்ரி யோசித்தார். பிறகு, வகுப்பறையில் தான் தரையில் படுக்கமாட்டேன், தனக்குக் கட்டில் வேண்டும் என்றார். அது ஓம் என்பதன் அவருடைய வடிவம்.

நான் போய் அன்ரியிடம் சொன்னேன். தொலைபேசியைக் காதில் வைத்தபடியே கேட்டார். அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மாவும் பார்த்தார். அன்ரி தொலைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, மண்டபத்தைக் குறுக்கே கடந்து வந்து அம்மாவின் முன்னால் நின்றார்.

"இன்னொருக்கா," என்றார்.

"போடி," என்றார் அம்மா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "நாரி முறிஞ்சுபோச்சு."

பேர்கனில் நாங்கள் படுதோல்வி. அதைச் சொல்ல வெட்கமில்லை. போகிற ரயிலில், மலைமேல் ஜூனிலும் பனி கிடந்த இடங்களைத் தாண்டும்போது, அன்ரி விமலா அன்ரியிடம் சீட்டாட்டத்தில் தோற்றுக்கொண்டே வந்தார். திரும்பி வரும்போதும் அப்படியே. ஒஸ்லோ நிலையத்தில் எல்லாரும் இறங்கியபிறகும் ஒரு ஆட்டம் பாக்கியிருந்தது. வகுப்பறையில் விமலா அன்ரிக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு மடக்குக் கட்டில் வந்தது.

அடுத்த வருடக் கடைசியில் அன்ரி கணவரோடு அவுஸ்திரேலியாவுக்குத் திரும்பினார். கடற்கரையிலிருந்து தள்ளியிருக்கிற ஒரு சின்ன ஊரில் பெண்பிள்ளைகளைப் பயிற்றுகிறார். அந்தப் பிள்ளைகள் பாவம் என்று தினமும் நினைத்துக்கொள்வேன். இத்தனை வருடத்தில் அவரை எங்களில் ஒருத்திகூட அவுட்டாக்கவில்லை.

இப்போது நான் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படிக்கிறேன். பாதி நேரம் பந்தின் சுழற்சியைத்தான் படிக்கிறேன். போன கிழமை அன்ரியிடமிருந்து மின்னஞ்சல். ஜூலையில் ஒஸ்லோ வருகிறாராம். முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்ததாம், முன்போல் ஓட முடியாதாம். அதை வானிலை அறிக்கை போல ஒரு வரியில் எழுதிவிட்டு, மட்டையைத் தான் கொண்டுவருவதாகவும் பந்து எங்களுடையது என்றும் எழுதியிருந்தார்.

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். முழங்கால் வரியில் என் குரல் தணிந்திருக்க வேண்டும். அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினார்.

"விட்டுக்குடுக்கலாம் எண்டு யோசிக்கிறியோ?"

"இல்லை."

"யோசிச்சியோ, இந்த வீட்டிலை உனக்குச் சாப்பாடு இல்லை."

ஆகவே அம்மருட் அடுக்குமாடியின் அடியில், சைக்கிள்கள் வைக்கிற நீண்ட அறையில், நானும் ஆரணியும் ஒவ்வொரு பின்னேரமும் நிற்கிறோம். ஆரணி விக்கெட் காப்பாளர், சைக்கிள்களையும் அவளே காக்கிறாள். அந்த மெதுவான பந்து இப்போது என் கையில் இருக்கிறது. வேகமாக ஓடிவருகிறேன், தோள் வேகமாகச் சுழல்கிறது, மணிக்கட்டும் காட்டிக்கொடுக்கவில்லை. பந்து மட்டும் பிந்தி வருகிறது. பார்க்கிற யாருக்கும் தெரியாது. ஆரணிக்கே தெரிவதில்லை, இரண்டுமுறை வயிற்றில் வாங்கியிருக்கிறாள். அன்ரியின் கால் முன்னே போகும். பந்து இன்னும் வந்திருக்காது.

அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்றும் எனக்குத் தெரியும். மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து என் கையைக் குலுக்குவார். திரும்பிப் போய் அதே இடத்தில் நின்று, மூக்குக் களிம்பைச் சரிசெய்துவிட்டு, அந்த ஒரு தமிழ்ச் சொல்லைச் சொல்லுவார்.

அதே பந்துக்கு அவர் இரண்டாம்முறை ஏமாற மாட்டார். அதனால் நேற்றிலிருந்து வேறொரு பந்து பழகத் தொடங்கியிருக்கிறேன்.